தீட்டாமல் விட்ட வெண்மை

நீர்வண்ணம் என்பது நிறத்தூளை வேலமரப் பிசினில் குழைத்து, நீரில் கரைத்துத் தாளில் தீட்டும் ஓவிய முறையாகும். வண்ணப் படலம் ஒளி ஊடுருவும் தன்மையுடையதாதலால், அடியிலுள்ள தாளின் வெண்மையே ஓவியத்தின் வெளிச்சமாக அமைகிறது. ஆங்கிலேய ஓவியர் ஜே. எம். டபிள்யூ. டர்னர் 1819, 1833, 1840 ஆகிய ஆண்டுகளில் வெனிஸ் நகருக்குச் சென்றார்; மூன்று முறையும் சேர்த்து நான்கு வாரங்களுக்கும் குறைவாகவே அங்குத் தங்கியபோதிலும், வானும் நீரும் ஒளியைப் பகிர்ந்துகொள்ளும் அந்நகரின் இயல்பை நீர்வண்ணத்தில் நுட்பமாகப் பதிவுசெய்தார். 1819இல் அவர் தீட்டிய, சான் ஜார்ஜோ மஜ்ஜோரே தேவாலயத்தின் அதிகாலைக் காட்சியில், கட்டடங்கள் செங்கல் செங்கலாக வரையப்படாமல் மெல்லிய பூச்சுகளாக நிற்க, தாளின் வெண்மை நீர்மேல் மினுங்கும் காலையொளியாகிறது. ஒருமுறை வண்ணம் படிந்த வெண்மையை மீட்பது அரிதாகையால், நீர்வண்ண ஓவியர் எதைத் தீட்டுவது என்பதற்கு முன்பே எதை விட்டுவைப்பது என்பதை முடிவுசெய்தாக வேண்டும். மாநகரின் மாடங்களை எண்ணி எண்ணி வரைபவருக்குக் கட்டடங்கள் கிடைக்கின்றன. அவற்றின்மேல் படியும் ஒளிக்கு இடம் விடுபவருக்கே நகரம் கிடைக்கிறது.