ஐந்தாவது காரணம்

சென்னையின் தெற்குப் புறநகரான பீர்க்கன்கரணையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் அச்சிறுபாக்கம். அங்குள்ள ஆட்சீஸ்வரர் கோயிலின் தலபுராணம், வண்டி ஒன்று வழியில் நின்றுபோன கதை. முப்புரத்தை எரிக்கக் கிளம்பிய சிவனுக்குத் தேவர்கள் தேர் கட்டிக் கொடுத்தார்கள். பூமியே தேர்த்தட்டு, சூரியனும் சந்திரனும் சக்கரங்கள், நான்கு வேதங்களும் குதிரைகள், பிரம்மா சாரதி. கிளம்பும் அவசரத்தில் விநாயகர் வழிபாடு விட்டுப்போயிற்று. தேரின் அச்சு முறிந்தது. திருஞானசம்பந்தர் பாடிய தலம் இது. அருணகிரிநாதரும் திருப்புகழில், அச்சைப் பொடியாக்கிய பிள்ளையாரை நினைக்கிறார்.

எந்தக் காரியத்தையும் பிள்ளையாரைக் கும்பிட்டுத் தொடங்கு என்பதுதான் இந்தக் கதையை வைத்துப் பெரியவர்கள் சொல்லும் பாடம். அது சரிதான். ஆனால் கதைக்குள் இன்னொன்றும் இருக்கிறது. ஏறியிருப்பவர் பரமசிவன் என்பதற்காக அந்தத் தேருக்கு எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை. முதலில் செய்ய வேண்டியதைச் செய்யாததால் அச்சு ஒடிந்தது. அவரும் ஒடிந்த அச்சோடு தேரை ஓட்டச் சொல்லவில்லை. நின்றார், விட்டதைச் செய்தார், பிறகுதான் போனார். விதி என்று யாரும் அங்கே தலையில் அடித்துக்கொள்ளவில்லை.

அதே சாலையில், அக்கினி நட்சத்திர நாட்களில், பகல் இரண்டு மணிக்கு வேறு வண்டிகள் நிற்கின்றன. தெற்கேயிருந்து லோடு ஏற்றி வரும் லாரிகள் வண்டலூர், பெருங்களத்தூர் தாண்டி, பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டி, இரும்புலியூரில் மதுரவாயல் பைபாஸைப் பிடிக்க வேண்டும். நெரிசலில் முதல் கியரும் இரண்டாவது கியருமாக ஊர்ந்து வரும்போதுதான் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடுகிறது. டிரைவர் ஓரம் கட்டுகிறார். முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்புகிறது. கிளீனர் தண்ணீர் கேனோடு ஓடுகிறார். போனில் முதலாளியிடம் தகவல் போகிறது. இரண்டு பக்கமும் ஒரே வார்த்தைதான்: “நம்ம நேரம்.”

நம் நேரமா அது? இந்தக் கேள்வியைச் சும்மா சலிப்பு என்று தள்ளிவிட முடியாது. காரியம் கெடும்போது அதில் மனிதனுக்கு எவ்வளவு பங்கு, தெய்வத்துக்கு எவ்வளவு பங்கு என்பது நம் தத்துவ மரபு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவரும் கேள்வி. திருவள்ளுவரே இரண்டு பக்கமும் நின்றிருக்கிறார். ஊழை விட வலியது எதுவும் இல்லை என்று 38-ஆம் அதிகாரத்தை முடிக்கிறார். தளராமல் முயல்கிறவன் ஊழையே புறங்காட்டி ஓடச் செய்வான் என்று 62-ஆம் அதிகாரத்தை முடிக்கிறார். இரண்டுமே அதிகாரத்தின் கடைசிக் குறள்கள். சாலையோரம் நிற்கும் டிரைவர் எதை எடுத்துக்கொள்வது?

கொஞ்சம் கூடுதலாகப் பிடி கொடுப்பது பகவத் கீதையின் 18-ஆம் அத்தியாயம். எந்தச் செயல் நிறைவேறவும் ஐந்து காரணங்கள் கூடவேண்டும் என்கிறது 14-ஆம் சுலோகம்: செயல் நிகழும் இடம், செய்கிறவன், கருவிகள், பலவகைப் பிரயத்தனங்கள், ஐந்தாவதாகத் தெய்வம். இடம் என்பதற்கு உரைகாரர்கள் உடல் என்று பொருள் சொன்னார்கள். லாரி விஷயத்தில் சாலையையும் வெயிலையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். “நம்ம நேரம்” என்பவர் முதல் நான்கையும் தாண்டிக் குதித்து ஐந்தாவதில் போய் நிற்கிறார். நான்கையும் பார்த்துவிட்டு அங்கே வந்திருந்தால் அவரிடம் வாதாட ஒன்றும் இல்லை.

முதலில் இடம். டீசல் எரிந்து கிடைக்கும் ஆற்றலில் பாதிக்கும் குறைவாகத்தான் வண்டியை நகர்த்துகிறது. மிச்சமெல்லாம் வெப்பம். ஒரு பங்கு சைலன்சர் வழியே போய்விடும். இன்னொரு பங்கைத் தண்ணீர் சுமந்து ரேடியேட்டருக்குக் கொண்டுவர, காற்று வாங்கிக்கொள்கிறது. ரேடியேட்டர் தண்ணீர் 90 டிகிரி, வெளிக்காற்று 25 டிகிரி என்றால் இடைவெளி 65. காற்று 43 டிகிரியானால் இடைவெளி 47. அதே ரேடியேட்டர், அதே ஃபேன், ஆனால் வெப்பத்தை வெளியேற்றும் திறனில் கால் பங்குக்கு மேல் காணாமல் போகிறது. தார்ச் சாலைக்கு மேலே நிற்கும் காற்று இன்னும் சூடு. 2003 மே மாதத்தில் சென்னையில் 45 டிகிரி பதிவாகியிருக்கிறது. ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றாவது உண்டு. ஊரும் வண்டிக்கு இன்ஜினின் ஃபேன் மட்டும்தான், அதுவும் ஐடிலிங்கில் மெதுவாகச் சுற்றும். இவ்வளவும் டிரைவர் கையில் இல்லாதவை.

கருவிகளுக்கு வந்தால் கதை மாறுகிறது. ரேடியேட்டர் மூடி சின்னப் பொருள். உள்ளே அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதால் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்துபோனால் நல்ல இன்ஜினும் பொங்கும். அந்த ரப்பரை விரலால் தடவிப் பார்க்க ஒரு நிமிடம் போதும், அதுவும் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது. சூட்டில் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு. கூலன்ட் ஊற்ற வேண்டிய இடத்தில் போர்வெல் தண்ணீர் ஊற்றுவது அடுத்த தவறு. புறநகர்ப் பகுதியின் உப்புத் தண்ணீர் குழாய்களின் உள்சுவரில் படலமாகப் படிந்து வெப்பத்தை அடைத்துவிடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் தண்ணீர் தாராளமாக ஓடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. பல கனரக இன்ஜின்களில் நடப்பது நேர் எதிர். பைபாஸ் வழி திறந்தே கிடப்பதால் ஒரு பகுதித் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே இன்ஜினுக்குத் திரும்பிவிடும்.

கியர் பாக்ஸை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆயில் குறைந்தால் பற்கள் உரசிச் சூடாகும் என்பது தெரியும். அளவுக்கு மேல் ஊற்றினாலும் பற்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிச் சூடேற்றும் என்பது பலருக்குத் தெரியாது. நெரிசலில் பாதி கிளட்ச்சை மிதித்தபடியே வண்டியை நிறுத்தி வைப்பது கிளட்ச் பிளேட்டைக் கருக்கிவிடும். முன்வண்டி நகர்ந்து இடம் விழும்வரை நியூட்ரலில் நின்று, பிறகு ஒரே தள்ளாகப் போவதே நல்ல பழக்கம்.

பிரயத்தனம் என்பது இத்தகைய பழக்கங்கள்தான். அதில் பார்வையும் அடக்கம். முள் திடீரென்று கீழே இறங்கினால் வண்டி ஆறிவிட்டது என்று மகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் முழுக்க வெளியேறிவிட்டால் சென்சாரைத் தொட நீர் இருக்காது. முள் இறங்கும், இன்ஜின் உள்ளே வெந்துகொண்டிருக்கும். மணிமேகலை 29-ஆம் காதை அளவை நூலை விரிவாகப் பேசுகிறது. கண்ணில் படுவது ஆவியா பனியா என்ற ஐயம் தீராமலே அதைப் புகையாகக் கொண்டு, நெருப்பு உண்டு என்று முடிவு கட்டுவதை அங்கே அனுமானப் பிழைகளில் ஒன்றாக வைத்திருக்கிறார் சாத்தனார். இறங்கிய முள்ளை நம்புவதும் அதே வகைப் பிழைதான். அந்த நிலையில் பச்சைத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். இன்ஜினை நிறுத்தி, முழுக்க ஆறும்வரை காத்திருப்பதுதான் வழி.

இனி, செய்கிறவன் யார்? கீதையின் அதே இடத்தில் 16-ஆம் சுலோகம், தன்னை மட்டுமே கர்த்தா என்று காண்கிறவன் சரியாகக் காணவில்லை என்கிறது. ஆன்மாவைப் பற்றிய பேச்சு அது. ஆனால் லாரித் தொழிலில் அந்தப் பிழை இன்னொருவர் தலையில் விடிகிறது. வண்டி நின்றால் பழி டிரைவருக்கு மட்டும். லோடு எவ்வளவு என்று முடிவு செய்தவர் யார்? 2018-இல் மத்திய அரசு அச்சுச் சுமை வரம்பை உயர்த்தி, மூன்று அச்சு லாரியின் மொத்த எடையை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆக்கியது. அதற்கும் மேல் ஏற்றினால் 2019 சட்டத் திருத்தப்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய் வேறு. அப்படியும் ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு டன்னும் இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் போய்ச் சேரும் வெப்பம். வண்டியை ஒரு நாள் ஷெட்டில் விட்டு ரேடியேட்டர் சர்வீஸ் பார்க்க அனுமதி தராதவர் யார்? மாலைக்குள் சேர வேண்டும் என்று நேரம் குறித்தவர் யார்? இவர்கள் எல்லோருமே கர்த்தாக்கள். டிரைவரின் சம்பளத்தில் பிடித்தம் செய்துவிட்டு “எல்லாம் விதி” என்று சொல்வது அநியாயம்.

அப்படியானால் தெய்வத்துக்கு வேலையே இல்லையா? பீர்க்கன்கரணையிலிருந்து அதிக தூரமில்லாத ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுஜர் இதற்குத் துணிவாகப் பதில் சொல்லியிருக்கிறார். ஐந்தாவது காரணமான தெய்வம் என்பது உள்ளே உறையும் பரமாத்மாதான், ஐந்தில் தலையானதும் அதுவே என்பது அவர் உரை. ஆனால் பரமாத்மா ஜீவனின் முதல் முயற்சியைக் கணக்கில் கொண்டே, அதற்கு அனுமதி தந்து காரியத்தை நடத்துகிறான் என்றும் சொல்கிறார். பிரம்மசூத்திரத்துக்கு எழுதிய ஸ்ரீபாஷ்யத்திலும் இதே நிலைதான். தெய்வத்தை எவ்வளவு உயரத்தில் வைத்தாலும், காலையில் மூடியைத் திறந்து பார்க்கும் கை நம்முடையதாகவே இருந்தாக வேண்டும். கண்ணாடியில் 786 எழுதிய லாரிக்கும் இதே கணக்குதான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புவதா, அவிழ்த்துவிட்டு நம்புவதா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்பச் சொன்னார் நபிகள் நாயகம் என்பது திர்மிதீ தொகுப்பில் உள்ள செய்தி.

எனவே பூஜையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சென்னையில் பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரர் கோயிலில் புது வண்டிக்குப் பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்குகிறவர்கள், சாலையின் ஆபத்தை உணர்ந்தே அங்கு வருகிறார்கள். ஆயுத பூஜையின் பாதி, கழுவித் துடைப்பதுதான். பட்டறைக்காரர்கள் அன்றைக்கு ஸ்பேனரைக்கூட வேலைக்கு எடுப்பதில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. கேபினையும் சக்கரத்தையும் பளபளவென்று கழுவுகிறோம், ரேடியேட்டரின் இதழ்களுக்குள் அடைந்த புழுதியையும் பூச்சியையும் விட்டுவிடுகிறோம். பிறகு முன் கிரில்லை மறைத்து அடர்த்தியான சாமந்தி மாலை கட்டி, வாடி உதிரும்வரை அவிழ்க்காமல் ஓட்டுகிறோம். காற்று நுழைய இருக்கும் ஒரே வாசலைப் பக்தியின் பேரால் அடைப்பது பக்திக்கே பொருந்தாத செயல். மாலையைக் கண்ணாடிக்கு மேலே, கேபின் நெற்றியில் கட்டலாம். இதழ்களைக் கழுவும்போது இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் அடிக்க வேண்டும். வந்த வழியே அழுக்கு வெளியேறும், இதழும் மடங்காது.

இவ்வளவு பேசியும் விடுபட்டுப்போகும் ஒரு சூடு உண்டு, டிரைவரின் உடம்புச் சூடு. இன்ஜினுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும் மனிதர் அவர். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. நல்ல விதி. பழைய வண்டிகளை அது தொடாது, நம் சாலைகளில் இன்னும் பல ஆண்டுகள் ஓடப்போவது அவைதான்.

லாரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சித்திரை பிறப்பதற்குள் வண்டியை ஒரு நாள் ஷெட்டில் விடுங்கள். ரேடியேட்டரை உள்ளும் புறமும் கழுவி, பழைய தண்ணீரை வடித்து, கம்பெனி சொல்லும் கூலன்ட்டை ஊற்றுங்கள். மூடி, ஹோஸ், ஃபேன் பெல்ட், கியர் ஆயில் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். முள் ஏறினால் யாரையும் கேட்காமல் ஓரம் கட்டலாம், தாமதத்துக்குப் பிடித்தம் கிடையாது என்று டிரைவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.