பொதுத் தண்ணீர் ஓர் அமானத்



ஒளுச் செய்யும் தண்ணீரைப் பற்றி நாம் ஆலிம்களிடம் கேட்கும் மஸ்அலாக்கள் பல. தொட்டியில் பல்லி விழுந்துவிட்டால் என்ன சட்டம்? குல்லத்தைன் அளவுக்குக் குறைந்த தண்ணீரில் கை பட்டால் என்ன சட்டம்? இவை கேட்டுத் தெளிய வேண்டியவைதாம். ஆனால், "இந்தத் தண்ணீர் யாருடைய ஹக்கு?" என்று கேட்பவர் அரிதினும் அரிது. பிறர் தண்ணீரை அபகரித்து ஒளுச் செய்தால் ஒளு நிறைவேறிவிடும், அபகரித்த பாவமோ கழுத்தை விட்டு இறங்காது என்று ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளின் கிதாபுகள் கூறுகின்றன. உறுப்புகள் சுத்தமாகிவிட்டன, அமல் ஏடு சுத்தமாகவில்லை. எத்துணை பெரிய நஷ்டம்!

பல வீட்டார் கூடிப் பணம் போட்டுக் கிணறு தோண்டுகிறார்கள், தொட்டி கட்டுகிறார்கள், குழாய் இழுக்கிறார்கள், பொது நிலமும் சிறிது விட்டுவைக்கிறார்கள். இவற்றை நடத்துவது உலக விவகாரம், தீனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கின்றனர். அப்படியல்ல. இது அடியார்களின் ஹக்கு சேர்ந்த காரியம். அடியார்களின் ஹக்கை, உரியவர் மன்னிக்காமல் அல்லாஹ்வும் மன்னிப்பதில்லை.

மூன்றில் பங்காளிகள்

தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் முஸ்லிம்கள் கூட்டாளிகள் என்று அருமை நாயகம் (ஸல்) அவர்கள் அருளிய செய்தி அபூதாவூதில் வருகிறது. குடத்தில் பிடித்த தண்ணீர் பிடித்தவருக்குச் சொந்தம், அதில் ஐயமில்லை. ஊற்றாகச் சுரக்கும் தண்ணீரின் நிலை வேறு. சொந்தக் கிணறேயானாலும், தன் தேவைக்கு மிஞ்சியதைத் தாகித்த மனிதனுக்கும் கால்நடைக்கும் மறுக்கக் கூடாது என்பது ஃபிக்ஹுச் சட்டம். தனிக் கிணற்றுக்கே இதுவென்றால், பலர் சேர்ந்து அமைத்த கிணற்றைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமா?

ஓமான் நாட்டு ஃபலஜ்

பொதுத் தண்ணீரை முறையாக நடத்திக் காட்டியவர்களை அறிய, ஓமான் நாட்டைப் பாருங்கள். அங்கே மலையடிவாரத்தில் தாய்க் கிணறு தோண்டி, பூமிக்கடியில் சுரங்கக் கால் வெட்டி, நிலத்தின் சரிவைக் கொண்டே ஊருக்குத் தண்ணீர் கொண்டுவருவார்கள். பம்பு இல்லை, எண்ணெய்ச் செலவு இல்லை. இதற்கு ஃபலஜ் என்று பெயர். ஏறத்தாழ 3,000 ஃபலஜ்கள் அங்கே பயன்பாட்டில் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நிஸ்வா நகரின் ஃபலஜ் தாரிஸ் உட்பட ஐந்து ஃபலஜ்களை 2006-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது.

இதை நடத்துபவர்கள் பங்குதாரர்களாகிய ஊராரே. ஃபலஜின் பொறுப்பாளருக்கு வக்கீல் என்று பெயர். நம் நாட்டில் வழக்காடுபவரைக் குறிக்கும் அதே அரபுச் சொல்தான். காரியம் ஒப்படைக்கப்பட்டவர் என்பது அதன் பொருள். முறை பார்த்துத் தண்ணீரைத் திருப்பிவிட அரீஃப் என்பவர் உண்டு. வரவு செலவை எழுதக் கணக்கர் உண்டு. பங்கு என்பது நேரப் பங்கு. சுமார் அரைமணி நேரம் ஓடும் தண்ணீரை 'அதர்' என்பர். பகலில் நட்ட கோலின் நிழலையும், இரவில் நட்சத்திரங்களையும் பார்த்து முறை பிரித்து வந்தார்கள்.

அதில் ஓர் ஒழுங்கைக் கவனியுங்கள். சுரங்கத்திலிருந்து தண்ணீர் வெளிப்படும் முதல் இடம் குடிப்பதற்கு. அங்கே பங்கு உள்ளவரும் இல்லாதவரும் சமம். அதன் பின்னர் பள்ளிவாசலும் குளிக்கும் இடங்களும். அதற்கும் பிறகே பேரீச்சந் தோப்புகள். முதலில் வாய்க்கு, பிறகே வயலுக்கு! அந்த முதல் இடத்தை அவர்கள் 'ஷரீஆ' என்றே அழைக்கிறார்கள். மார்க்கச் சட்டத்திற்கு நாம் சொல்லும் அதே சொல். நீர்த்துறைக்குச் செல்லும் வழி என்பதே அச்சொல்லின் மூலப் பொருள் என்று அரபு அகராதிகள் கூறும்.

இன்னொன்று. தண்ணீரின் சில பங்குகள் ஃபலஜுக்கே சொந்தம். அவற்றை ஏலம் விட்டு, வரும் பணத்தில் சுரங்கத்தைத் தூர் வாருகிறார்கள். சில பங்குகள் பள்ளிவாசலுக்கும் குர்ஆன் மத்ரஸாவுக்கும் வக்ஃபு. சுரங்கம் இடிந்த பிறகு வசூலுக்கு அலையாமல், பழுது பார்க்கும் செலவை முன்னதாகவே ஒதுக்கிவைத்த அறிவை நாம் கற்க வேண்டாமா?

தலைமடையும் கடைமடையும்

பங்காளிகளுக்குள் சண்டை வராதா? நாயகம் (ஸல்) அவர்கள் காலத்திலேயே வந்தது. மதீனாவின் ஹர்ராப் பகுதி வாய்க்காலில் ஹழ்ரத் ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் வழக்கு. ஸுபைர் (ரலி) அவர்களின் நிலம் தலைமடை. அவர்கள் பாய்ச்சிவிட்டு அண்டையாருக்கு விட்டுவிடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். இது இருவருக்கும் இதமான தீர்ப்பு. அந்த மனிதரோ, ஸுபைர் உங்கள் மாமி மகனல்லவா என்று குத்திப் பேசினார். திருமுகம் நிறம் மாறியது. அதன் பிறகே, வரப்படி வரை தண்ணீர் தேங்கும்படி முழு ஹக்கையும் எடுத்துக்கொள்ள ஸுபைருக்குச் சொன்னார்கள். கணுக்கால் அளவு என்று இதை அறிஞர்கள் கணித்தனர். இது புகாரியில் உள்ளது.

இதில் இருவருக்கும் பாடமுண்டு. தலைமடைக்காரருக்கு முதல் உரிமை உண்டு. அதற்கும் எல்லை உண்டு. கடைமடைக்காரருக்குக் கேட்கும் உரிமை உண்டு. பொறுப்பாளரின் நேர்மையைக் காரணமின்றிச் சந்தேகிக்கும் உரிமை இல்லை.

நன்கொடையாளர் வாளி

"அதிகப் பணம் போட்டது நான்; எனக்கு அதிகத் தண்ணீர்" என்பாரும் உண்டு. ரூமாக் கிணற்றை விலைக்கு வாங்கி, தம் வாளியை மற்ற முஸ்லிம்களின் வாளிகளோடு வாளியாக்கிக் கொள்பவர் யார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டபோது, ஹழ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் தம் சொந்தப் பொருளால் வாங்கினார்கள். கிணறு முழுவதும் அவர்கள் கொடை. ஆனால் அவர்கள் வாளியும் வரிசையில் ஒரு வாளிதான்!

பொது மேய்ச்சல் நிலத்திற்கு ஹுனை என்பவரைப் பொறுப்பாளராக்கியபோது, ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் செய்த உபதேசமும் புகாரியில் உண்டு. அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவை அஞ்சச் சொன்னார்கள். சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் உள்ள ஏழையை உள்ளே விடச் சொன்னார்கள். இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகள் விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்கச் சொன்னார்கள். அவர்களின் மந்தை அழிந்தாலும் தோட்டமும் வயலும் இருக்கின்றன. ஏழையின் மந்தை அழிந்தால் அவன் பிள்ளைகளோடு கலீஃபாவின் வாசலுக்கே வந்து நிற்பான். அப்போது பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட, இப்போது தண்ணீரும் புல்லும் கொடுப்பது எளிதன்றோ? பெரிய மனிதர் என்று பார்த்து மதகு திறக்கும் பொறுப்பாளர்கள் இதை நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கப்பலின் அடித்தளம்

"என் நிலத்தில் நான் துளை போடுகிறேன், உனக்கென்ன?" என்பவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய கப்பல் உவமையே பதில். கீழ்த்தளத்தார் தண்ணீருக்காகத் தங்கள் பகுதியில் துளையிடத் துணிகிறார்கள். மேல்தளத்தார் வாளாவிருந்தால் எல்லாரும் மூழ்குவர். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லாரும் தப்புவர். ஃபலஜின் தாய்க் கிணற்றருகே வேறு கிணறு தோண்டாதபடி முன்னோர் ஹரீம் என்னும் காப்பெல்லை வகுத்தது இதற்காகத்தான். இன்று அந்த ஃபலஜ்களுக்குள்ள பெரிய ஆபத்து, நிலத்தடி நீர்மட்டம் தாழ்வதே. அடியில் நீர் இறங்கிவிட்டால், எவனுடைய பங்கு எதற்கு உதவும்? தண்ணீர் பூமிக்குள் வற்றிவிட்டால் அதை மீட்டுத் தருபவன் யார் என்று திருமறையின் முல்க் அத்தியாயத்தின் கடைசி வசனம் கேட்கவில்லையா?

ஆகவே அன்பர்களே! பொதுத் தண்ணீரில் பங்குள்ளவர்கள் நிபந்தனைகளை எழுதிவைத்துக் கொள்ளுங்கள். ஆலோசித்து முடிவு செய்யுங்கள். கணக்கைப் பலர் முன்னிலையில் படியுங்கள். பொறுப்பேற்றவர் ஊசியளவு மறைத்தாலும் அது மோசடி என்பது நபிமொழி. பொது நிலத்தில் ஒரு சாண் தள்ளிச் சுவர் எழுப்பாதீர்கள்; அநியாயமாக எடுத்த ஒரு சாண் நிலம் ஏழு பூமிகளிலிருந்தும் கழுத்தில் மாலையாகும். முறை வராத நேரத்தில் குழாயைத் திறக்காதீர்கள். வீட்டுப் பெண்மணிகளே! தொட்டி வழிந்தோடும் ஒவ்வொரு குடமும் கடைசி வீட்டுப் பிள்ளையின் குடம் என்று எண்ணுங்கள்.

தாயார் மறைந்தபின் ஹழ்ரத் ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள் எந்தத் தர்மம் சிறந்தது என்று கேட்க, தண்ணீர் என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அவர்கள் ஒரு கிணறு தோண்டினார்கள். கிணறு தோண்டுவது தர்மமானால், தோண்டிய கிணறு தூராமல் காப்பதும், சந்தாவைக் காலத்தில் செலுத்துவதும், முறை தவறாமல் நிற்பதும் நன்மையில் சேர்ந்தவையே.

நமக்கு உரியதை எடுத்து, பிறருக்கு உரியதை விட்டுக்கொடுக்கும் நல்லுள்ளத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.