சமையற்காரன் எடுத்துவைத்த பங்கு

விவிலியத்தை ஊன்றிக் கற்க விரும்புபவருக்கு எந்தத் துணைநூல்கள் வேண்டும் என்ற கேள்விக்கு வழக்கமான விடை ஒன்று உண்டு. ஒரு சொல் எந்தெந்த வசனங்களில் வருகிறது என்று அகரவரிசையில் காட்டும் ஒத்தவாக்கிய சங்கிரகம் முதலில். பெயர்களையும் வழக்கங்களையும் விளக்கும் வேதாகம அகராதி அடுத்து. அதிகாரந்தோறும் பொருள் உரைக்கும் விளக்கவுரையும் நிலப்படத் தொகுதியும் அதன் பிறகு. இந்த வரிசையில் குறை சொல்ல இடமில்லை. ஆயினும் சாமுவேலின் முதலாம் புத்தகம் 9ஆம் அதிகாரத்தில் வரும் ஒரு விருந்து, இந்த நூல்கள் அனைத்தையும் விரித்துவைத்த பின்னும் கற்பவரை விடாமல் உறுத்துகிறது.

தந்தையின் காணாமற்போன கழுதைகளைத் தேடிவந்த, பின்னர் இஸ்ரவேலின் அரசனாகப் போகும் சவுல், ஊர் மேட்டிலுள்ள பலிமேடையில் தீர்க்கதரிசி சாமுவேலுடன் பந்தியில் அமர்த்தப்படுகிறான். அழைக்கப்பட்டவர் ஏறக்குறைய முப்பது பேர். முன்கூட்டியே ஒரு பங்கைத் தனியே எடுத்துவைக்கச் சொல்லியிருந்த சாமுவேல் அதைக் கொண்டுவரச் சொல்ல, சமையற்காரன் தொடைக்கறியைச் சவுலுக்கு முன் வைக்கிறான். ஏன் தொடை? சங்கிரகத்தைப் புரட்டினால் அது லேவியராகமம் 7ஆம் அதிகாரத்துக்கு அனுப்புகிறது. சமாதான பலியின் வலது தொடை ஆசாரியனுக்கு உரியது என்பது அங்குள்ள விதி. அதே சங்கிரகம் ஆதியாகமம் 32ஆம் அதிகாரத்துக்கும் அனுப்புகிறது; அங்கே பேசப்படுவதோ, யாக்கோபின் தொடைச்சந்து சுளுக்கியதால் இஸ்ரவேலர் உண்ணாது விட்ட நரம்பு. இரண்டையும் ஒரே எழுத்தில், ஒரே நிறையில் அச்சிடும் அந்நூல் எது பொருந்தும் என்று சொல்வதில்லை. சொல்வது அதன் வேலையும் அன்று. சவுலோ பென்யமீன் கோத்திரத்தான், ஆசாரியன் அல்லன். அவ்வாறிருக்க அவனுக்கு வைக்கப்பட்டது ஆசாரியப் பங்கா, அல்லது வந்த விருந்தாளிக்குரிய சிறப்புப் பங்கு மட்டுமா?

சேர்வராயன் மலையில் ஏறி நின்று இந்த அதிகாரத்தைப் படிப்பவருக்கு ஐயம் வேறு வடிவம் கொள்ளும். ஏற்காட்டுக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், குனிந்து நுழையவேண்டிய தாழ்ந்த குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கின்றனர். மே மாதத் திருவிழாவுக்கு மலையாளிகள் என்னும் மலைவாழ் மக்கள் தம் ஊர்களிலிருந்து திரண்டு வருகின்றனர். உயரமான இடத்தில் தெய்வம், அதை நோக்கி ஏறும் ஊர் என்ற அமைப்பு இவர்களுக்கு அகராதியில் தேடவேண்டிய செய்தி அன்று. அதுபோலவே தமிழ்நாட்டுக் கிடாவெட்டுகளில் யாருக்கு எந்தப் பங்கு, யாருக்கு முதல் மரியாதை என்பதற்காக ஊரே இரண்டுபடுவதைக் கண்டவர்கள், எடுத்துவைத்த தொடைக்கறியின் கனத்தை விளக்கவுரை இல்லாமலே உணர்வார்கள். இத்தகைய மேடைகளை அரசன் எசேக்கியா அகற்றினான் என்று சொல்லும் அதே விவிலியம், சாமுவேல் மேடைக்கு ஏறிப் பலியை ஆசீர்வதித்ததையும் கிபியோன் மேட்டில் சாலொமோனுக்குத் தேவன் தரிசனமானதையும் மறைக்காமல் சொல்கிறது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்த பலருக்கும் முதல் துணைநூல் வேதப்புத்தகத்தின் கடைசித் தாள்களில் இருந்த வண்ண நிலப்படங்களே. நீண்ட பிரசங்கத்தினூடே பவுலின் பயணக் கோடுகளை விரலால் தொடர்ந்த பிள்ளைக்கு எருசலேம் எட்டாத தொலைவில் இருந்தது. தன் ஊரும் அதைப் படிக்க உதவும் ஒரு படம் என்று யாரும் சொல்லித்தரவில்லை. இது பெரிய இழப்பு.

இவ்விடத்தில் 1882இல் ஏற்காட்டில் மறைந்த பீட்டர் பெர்சிவலை எண்ணாமல் இருக்க முடியாது. 1826இல் இலங்கைக்கு வந்த இந்த வெஸ்லியன் மிஷனரி, யாழ்ப்பாணத்தில் தம் மாணவராயிருந்த சைவர் ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கினார். 1850இல் சென்னையில் அச்சான அந்தப் பதிப்பைத் தமிழகச் சபைகள் ஏற்கவில்லை. 1871இல் வெளிவந்த பவர் ஐயர் குழுவினரின் திருத்தமே நிலைத்தது. பெர்சிவல் பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகி, ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை 1874இல் நூலாக்கினார். அவருடைய மருமகன்தான் 1863இல் பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட். மாமனார் மக்களின் வாய்மொழியையும் மருமகன் மண்ணையும் சான்றாகக் கொண்ட குடும்பம் அது.

நாவலரோ மிஷனை விட்டு விலகி, 1854இல் சைவதூஷணபரிகாரம் எழுதினார். சைவத்தின் மீதான மிஷனரிகளின் கண்டனத்துக்கு மறுப்பாக எழுந்த அந்நூல், விளக்கு, தூபம், நைவேத்தியம் முதலிய வழிபாட்டு முறைகள் பழைய ஏற்பாட்டு ஆலயத்திலும் உண்டே என்று எடுத்துக்காட்டி வாதிடுகிறது. எதிர்வாதத்துக்காக எழுதப்பட்டிருந்தாலும், லேவியராகமத்தை அவ்வளவு கவனத்தோடு படித்த தமிழ் நூல்கள் மிகச் சில என்றே சொல்லவேண்டும். பலி, பங்கு, தீட்டு, நேர்ச்சை ஆகியவற்றைப் பழங்காலப் பொருளாகக் கருதாமல் நடப்பு வாழ்வாக அறிந்த ஒருவரின் வாசிப்பு அது.

அப்படியானால் விவிலியம் கற்பவரின் அலமாரியில் நாவலரின் நூலுக்கும் இடம் தரலாமா? தரலாம் என்றே தோன்றுகிறது. ஆனால் தயக்கமும் நியாயமானதே. ஒற்றுமையைத் தேடிப் படிப்பவருக்கு ஒற்றுமை எளிதில் கிடைத்துவிடும். சாமுவேலின் பந்தியில் நம் ஊர் முதல் மரியாதையைக் கண்டுவிட்ட கண், அங்கே ஒருவேளை அரசனாகப் போகிறவனுக்கு ஆசாரிய உரிமையே கைமாறுகிறது என்பதைக் காணாமற் போகலாம். லேவியராகமத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் விளக்கவுரையோ, பசியோடும் களைப்போடும் வந்த இளைஞனுக்கு முப்பது பேர் முன்னிலையில் கிடைத்த மதிப்பைத் தவறவிடலாம். நாவலரை விளக்கவுரைக்கு முன் படிப்பதா, பின் படிப்பதா என்பதும் இதனோடு சேர்ந்தே தீரவேண்டிய கேள்வி. பின் படிப்பதே பாதுகாப்பு என்று ஒரு சமயமும், அதற்குள் கண் பழகிப்போய்விடும், முன்பே படிக்கவேண்டும் என்று மறு சமயமும் படுகிறது. இதில் எது சரி என்பது இன்னும் தெளிவாகவில்லை.