வீடு கேட்டு வருபவரை விசாரிப்பது

வாடகைக்கு வீடு கேட்டு வருபவரைப் பற்றி விசாரிக்கலாமா? தாராளமாக விசாரிக்கலாம் என்றே சொல்வோம். கண்ணை மூடிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடும்படி மார்க்கம் சொல்லவில்லை. எதை விசாரிப்பது என்பதுதான் கேள்வி.

ஒருவரை நல்லவரென்று சொன்ன மனிதரிடம் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள், "நீர் அவருக்கு அண்டை வீட்டாரா? கொடுக்கல் வாங்கல் செய்தீரா? உடன் பிரயாணம் போனீரா?" என்ற கருத்தில் கேட்டதாக அறிவிக்கப்படுகிறது. பள்ளியில் தொழக் கண்டதை மட்டும் வைத்து அவர்கள் ஒப்பவில்லை. பழைய வீட்டுக்காரரிடம் வாடகை ஒழுங்கைக் கேட்பதும் இவ்வகையே. அவரும் உள்ளதைச் சொல்லலாம். ஆலோசனை கேட்டவருக்குத் தேவையான அளவு சொல்வது விலக்கப்பட்ட புறமாகாது என்பது இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் விளக்கம்.

பெயரைக் கேட்டதுமே கதவைச் சாத்துவது வேறு. 1998 பிப்ரவரி குண்டுவெடிப்புகளுக்குப் பின் கோவையில் நம்மவர் எத்தனை பேர் அப்படித் திருப்பியனுப்பப்பட்டார்கள்! கரும்புக்கடையில் நாம் நெருக்கியடித்துக் குடியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதே கரும்புக்கடையில் வீடு வைத்திருப்பவர், பவுண்டரி வேலைக்கு வந்த பீஹார்க்காரரிடம் ஊர்ப்பெயரை மட்டும் கேட்டுவிட்டு "வீடு காலியில்லை" என்றால் அதை என்னவென்பது? காலியாக இருக்கும் வீட்டை இல்லையென்பது பொய்யும்கூட. பவுண்டரி முதலாளியை ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்க எவ்வளவு நேரமாகும்?