யார் செய்த பாவம்?

கணையம் பழுதுற்றவர் என்று கேட்டதும் நம்மவர் நாவில் எழும் முதற்கேள்வி, ‘குடிப்பவரோ?’ என்பதே. பிறவிக் குருடனைக் கண்ட சீடரும் யார் செய்த பாவமென்றே ஆண்டவரிடம் வினவினர்.

மதுவும் ஒரு காரணமே, மறுப்பாரில்லை. ஆயினும் 1959இல் இந்தோனேசியாவில் சூய்டெமா விவரித்ததும், பின்னர் கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் விரிவாக ஆராய்ந்ததும், மதுவையே தொடாத ஏழை இளைஞரையும் தாக்கும் கணையக்கல் நோயை. தமிழகத்திலும் அந்நோய் உண்டு.

கணையநீர் போதிய அளவு சுரவாதபோது, உண்ட கொழுப்பு செரிக்காமல் எண்ணெய்ப் பிசுக்கோடு கழிகிறது. உண்டும் உடல் மெலிகிறது. பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கும் நொதிகள் அடங்கிய மாத்திரை அக்குறையை ஓரளவு ஈடுசெய்யும். ஆனால் வெறும் வயிற்றில் விழுங்கிப் பயனில்லை. ஒவ்வொரு வேளையும் உணவோடு சேர வேண்டும், பெரும்பாலோர்க்கு ஆயுள் முழுவதும். அருப்புக்கோட்டைத் தறிக்காரரோ, திருச்சுழிப் பக்கத்துக் கரிமூட்டத் தொழிலாளியோ அசனப் பந்தியில் அமர்ந்து, பலர் பார்க்க மாத்திரையைப் பிரிக்கும்போது அந்த முதற்கேள்வி மீண்டும் அவரைச் சூழ்கிறது. ஆகவே பந்தியைத் தவிர்க்கிறார். அல்லது மாத்திரையைத் தவிர்க்கிறார்.

‘இவர் குடிக்காதவர்’ என்று நாம் சான்றுரைப்பது நல்லெண்ணமே. எனினும் அச்சான்றில் சிறிது நஞ்சு கலந்துள்ளது. குடித்துக் கெட்டவனுக்கு இரக்கம் வேண்டாமென்று அது சொல்லாமற் சொல்கிறது. அவனுக்கும் அதே பசி, அதே மாத்திரை. ஆண்டவரோ சீடரின் கேள்வியை ஏற்காமல், மண்ணைக் குழைத்துக் குருடனின் கண்ணில் பூசினார்.

மூன்று வேளைக்கும் இரண்டிரண்டு எனினும் மாதம் 180 மாத்திரை. நம் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையார் ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி அளக்கிறார்கள். செரிக்காத வயிற்றுக்கு அரிசி மட்டும் போதுமா?