சராசரியும் சாட்சியமும்

பொதுப்பணம் அனைவருக்கும் உரியது. பொய்யுரைத்து அதைப் பெறுவது திருட்டே. எனவே, அரசு தன் ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு மோசடியைத் தேடுவதை நாம் குறைகூற இயலாது. ஆனால், ஒப்பீடு மட்டுமே தீர்ப்பாகிவிடுமா?

ஆஸ்திரேலியாவில் 2015 முதல் 2019 வரை நிகழ்ந்ததைச் சற்றே சிந்திப்போம். உதவித்தொகை பெற்றோர் இரு வாரங்களுக்கு ஒருமுறை தம் வருமானத்தைத் தெரிவித்து வந்தனர். கணினியோ, வரித்துறையிடமிருந்த ஆண்டு வருமானத்தை 26 சம பங்குகளாக்கி அதனோடு ஒப்பிட்டது. ஆறு மாதம் உழைத்து, ஆறு மாதம் வேலையின்றி வாடியவர், ஆண்டு முழுவதும் ஊதியம் பெற்றவராகத் தோன்றினார். உண்மை சொன்னவரே கடனாளியானார். பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடியெடுத்துத் தம் நேர்மையை மெய்ப்பிக்கும் சுமையும் அவர்மீதே விழுந்தது. இவ்வாறு ஏறத்தாழ 4,33,000 பேர்மீது கடன் சுமத்தப்பட்டது. 2019 நவம்பரில், ஒரு பெண்ணின் வழக்கில், அத்தகைய கடன் செல்லாது என அரசே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

ஐயம் வினா எழுப்பலாம், தீர்ப்பு வழங்கலாகாது. குற்றம் சாட்டுபவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்னும் நெறி கணினிக்கும் பொருந்தும். பொதுப்பணத்தைக் காக்கும் பெயரால் குற்றமற்றவரிடம் பறிப்பதும் திருட்டே அன்றோ?