அழைப்பின் வழியும் அறத்தின் வினாவும்

அமெரிக்காவின் கன்சாஸ் சிற்றியிலே ஈமச்சடங்குத் தொழில் நடத்திவந்த அல்மன் ஸ்ட்ரோஜர் என்பார், 1891ஆம் ஆண்டில் தன்னியக்கத் தொலைபேசி இணைப்புக் கருவியொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பரிவர்த்தனை நிலையத்துப் பெண் தமக்கு வரவேண்டிய அழைப்புகளைத் தொழிற்போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற ஐயமே அவரை அம்முயற்சிக்குத் தூண்டியதென்பது வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் கதை. ஐயம் மெய்யோ பொய்யோ, அதனுள் பொதிந்த எண்ணம் கவனிக்கத்தக்கது. இடையில் மனிதக் கை இல்லையெனின் பாரபட்சமும் இல்லை என்பதே அது. அடுத்த ஆண்டில் இந்தியானா மாநிலத்து லா போர்ட் நகரில் அம்முறையிலமைந்த நிலையம் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது.

இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரியானது? இன்றைய வணிக நிறுவனங்களின் தொலைபேசி அமைப்பை நோக்கின் வினா மேலும் கூர்மையடைகிறது. 1999இல் தோன்றிய அஸ்டெரிஸ்க் போன்ற மென்பொருளில், வரும் அழைப்பு வரிசைப்படுத்தப்பட்ட படிகளின் வழியே நடத்தப்படுகிறது. முதலில் அழைப்பு ஏற்கப்படும்; பின் வரவேற்புரை ஒலிக்கும்; அதன்பின் அழைத்தவர் ஓர் எண்ணை அழுத்துவதற்காகக் கருவி சில நொடிகள் காத்திருக்கும். அழுத்தியவர் விற்பனைப் பகுதிக்கோ கணக்குப் பகுதிக்கோ செல்வார். அழுத்தாதவருக்கு யாது நேரும்? அவருக்கெனத் தனியே ஒரு வழி எழுதப்பட்டிருத்தல் வேண்டும். எழுதப்படாவிடின் இணைப்பு துண்டிக்கப்படும். கருவி அவரை வெறுக்கவில்லை. அவரைப்பற்றி அதற்கு எதுவும் சொல்லப்படவில்லை, அவ்வளவே.

செவிப்புலன் மங்கிய முதியவரும் பதிவுசெய்யப்பட்ட மொழி விளங்காதவரும் இவ்வாறே வெளியேற்றப்படுகின்றனர். பழைய நிலையத்துப் பெண் பாரபட்சம் காட்டியிருக்கலாம், ஆயினும் தயங்கும் குரலைக் கேட்டு, "யார் வேண்டும்?" என மறுமுறை வினவவும் அவளால் முடிந்தது. பாரபட்சத்தை நீக்க முனைந்தபோது விவேகமும் உடன் நீங்கிற்று. பாரபட்சமேனும் முற்றாக நீங்கியதா எனின், அதுவுமில்லை. காத்திருப்போர் வரிசையில் குறிப்பிட்ட சிலருக்கு முன்னுரிமை வழங்க இம்மென்பொருள் இடந்தருகிறது. பெருந்தொகைக்குப் பொருள் வாங்குபவரின் இலக்கத்தை அடையாளங்கண்டு அவரை முன்னே செலுத்துமாறு விதி எழுதிவிடலாம். பின்தள்ளப்பட்டவர் அதனை அறியார். ஸ்ட்ரோஜருக்குக் குற்றஞ்சாட்ட ஒரு பெண்ணாவது இருந்தாள், இவருக்கு எவருமில்லை.

முன்னுரிமை எல்லாமே அநீதி என்று கூறுவது பொருந்தாது. எரிவாயுக் கசிவைப்பற்றி அறிவிப்பவர், கட்டணச்சீட்டில் ஐயம் கேட்பவருக்கு முன்னே செல்வதை எவரும் மறுக்கமாட்டார். தன் நிலை யாதென அறியாத ஒருவன் எவ்விதியை ஏற்பான் என்று ஜோன் றோல்ஸ் 1971இல் வெளியிட்ட நீதிக் கோட்பாட்டு நூலில் எழுப்பிய சோதனை இங்கு உதவும். கசிவுக்குரிய முன்னுரிமை அச்சோதனையில் தேறும். பணத்துக்குரியது தேறுவது அரிது. மறைத்து வைத்தால்தான் நிலைக்கும் என்ற அளவில் ஒரு விதி இருப்பின், அதன் தகுதியைப்பற்றி அதுவே சான்று பகர்கிறது.

காத்திருப்பும் விதிவசமானதன்று. கொப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏர்லாங் என்ற கணித அறிஞர், அழைப்புகளின் அளவையும் அவற்றின் கால நீளத்தையும் கொண்டு எத்தனை இணைப்புகள் தேவையெனக் கணிக்கும் சூத்திரங்களை 1917இலேயே வெளியிட்டார். ஆகவே அரைமணி நேரம் இசை கேட்டுக் காத்திருப்பவர் எதிர்பாரா நெருக்கடியில் சிக்கியவராக இருப்பது சில வேளைகளில் மட்டுமே. பெரும்பாலும் அவரது நேரத்துக்கு விலையில்லை என்று முன்கூட்டியே கணக்கிடப்பட்டுவிட்டது. இக்கணக்கின் பொறுப்பை நிறுவனத்தார் அமைப்பின்மேலும், அமைப்பை எழுதியவர் நிறுவனத்தார்மேலும் சுமத்துவர்.

எழுதியவரை முற்றாக விடுவிக்க இயலாது. வேலை முடிந்ததும் அவர் தமது கைபேசியிலிருந்து ஒருமுறை அழைத்துப் பார்ப்பது வழக்கம். எவ்வெண்ணை அழுத்தவேண்டும் என்பது வரவேற்புரை முடியுமுன்பே அவருக்குத் தெரிந்திருக்கும்.